அடியில் அரித்த வேலி போஸ்ட்டை மாற்ற எதற்குப் பணம் போடலாம்? பைப், ஜாக்கி, பிரேக்கர், கோர் கட்டிங், பேஸ் பிளேட்: ஒரு மதிப்பீடு

கான்கிரீட்டில் ஊன்றிய இரும்பு வேலி போஸ்ட் முழுதாகக் கெட்டுப்போவது அபூர்வம். அது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போகும்: கான்கிரீட் முடிந்து காற்று தொடங்கும் கழுத்தில். பல மழைக்காலம் பார்த்த செயின் லிங்க் வேலியில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு போஸ்ட்டின் அடியில் குவிந்த மண்ணையும் சருகையும் கையால் விலக்கிவிட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். இடுப்பு உயரத்தில் ‘டங்’ என்று ஒலிக்கிற பைப், தரையை ஒட்டிய இரண்டு விரல் அகலத்தில் மட்டும் ‘பொத்’ என்று அடங்கிப்போகும். அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் ஊறிய பிஸ்கட்டில் இறங்குவது போல உள்ளே போகும். அதே போஸ்ட்டின் அடிக் கான்கிரீட்டை உடைத்தால், உள்ளே ஒரு சாண் ஆழத்தில் பைப் கடையிலிருந்து வந்த அன்று இருந்த நிறத்திலேயே இருப்பதைப் பார்க்கலாம். கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் இரும்பைக் காப்பாற்றிவிடுகிறது. மேலே இருப்பது வெயிலில் காய்ந்துவிடுகிறது. ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது கழுத்துக்கு மட்டும்தான்.

இதற்கு உள்ளிருந்தும் ஓர் எதிரி உண்டு. தலையில் மூடி போடாத பைப்புக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, அடைபட்ட அடியில் தேங்கி, உள்பக்கமாகத் தின்னும். வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே ஒரு நாள் மாடு உரசியதும் போஸ்ட் சாய்ந்துவிடுவது இதனால்தான்.

ஆகவே கீழே வருகிற ஒவ்வொரு பொருளையும் வேலையையும் ஒரே அளவுகோலில்தான் பார்த்திருக்கிறோம்: இது கழுத்தை எப்படிப் பார்த்துக்கொள்கிறது? தமிழ்நாட்டு வீட்டுமனையிலும் தோட்டத்திலும் வழக்கமாக இருக்கிற 5, 6 அடி உயர செயின் லிங்க் வேலி, 10 அடிக்கு ஒரு போஸ்ட் என்ற அமைப்பை வைத்துச் சொல்கிறோம்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

போஸ்ட்டின் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டுங்கள். கண் மட்டும் தரையில் இருக்கட்டும். போஸ்ட் ஆடி, கான்கிரீட் அசையவில்லை என்றால் கெட்டது பைப் மட்டும்தான். அடிக் கான்கிரீட்டை வைத்துக்கொண்டே வேலையை முடிக்க வழி உண்டு. கான்கிரீட்டும் சேர்ந்து ஆடி, ஓரத்தில் மண் பிளந்து திறந்து மூடினால், அடித்தளமே போய்விட்டது. தோண்டித்தான் ஆக வேண்டும். டிராக்டரோ லாரியோ இடித்து வளைந்த போஸ்ட்டில் இந்த இரண்டாவது நிலைதான் அதிகம். அரித்துப்போன போஸ்ட்டில் முதல் நிலை.

அடுத்த கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. புது போஸ்ட் அதே குழியில்தான் நிற்க வேண்டுமா? நடுவில் வரும் சாதாரண போஸ்ட் என்றால் பழையதைத் தரை மட்டத்துக்கு இரண்டு இஞ்ச் கீழே அறுத்து மண்ணால் மூடிவிட்டு, ஒன்று அல்லது ஒன்றரை அடி தள்ளிப் புதுக் குழி எடுக்கலாம். ஒரு பக்கம் 9 அடி, மறுபக்கம் 11 அடி இடைவெளி வரும். செயின் லிங்க் வலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள கான்கிரீட் கட்டியை வெளியே எடுக்கும் வேலை முழுவதும் மிச்சம். எங்கள் கணக்கில் பத்தில் ஏழு சமயம் இதுவே சரியான தீர்வு. மூலை போஸ்ட், கேட் போஸ்ட், அளவெடுத்துச் செய்த வெல்டு மெஷ் பேனல் வேலி ஆகிய மூன்றுக்கு மட்டும் இந்த வழி உதவாது. அவை இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

வலையைக் கழற்றும்போது வெட்டிவிடாதீர்கள். செயின் லிங்க் என்பது தனித்தனி நெளிகம்பிகளைக் கோத்துப் பின்னியது. ஒரு நெளிகம்பியின் மேல் முடிச்சையும் கீழ் முடிச்சையும் பிளையரால் நிமிர்த்திவிட்டு, மேலிருந்து திருகிக்கொண்டே இழுத்தால் அது சுருள் போல் முழுதாக வெளியே வந்துவிடும். வலை இரண்டாகப் பிரியும். வேலை முடிந்ததும் அதே கம்பியைத் திருகி இறக்கினால் ஒட்டுப்போட்ட தடமே இருக்காது. ஆனால் அதற்கு முன், கிடைமட்டமாக ஓடும் இழுகம்பிகளைப் பக்கத்துப் போஸ்ட்களில் தற்காலிகமாக முறுக்கிக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இழுவை விட்டு நாலைந்து போஸ்ட் தூரத்துக்கு வலை தொய்ந்துவிடும்.

பைப்: கடையில் கேட்க வேண்டியது

‘ஜிஐ பைப்’ என்று கேட்டால் கடையில் இரண்டு வேறு பொருளைக் கொடுப்பார்கள். ஒன்று, குழாயாகச் செய்த பிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த அசல் ஜிஐ. மற்றது, துத்தநாகம் பூசிய தகட்டைச் சுருட்டி வெல்டு வைத்த ஜிபி பைப். பார்வைக்கு ஜிபி பைப்தான் அழகு. வழுவழுப்பாக, வெள்ளி மாதிரி இருக்கும். ஆனால் 120 ஜிஎஸ்எம் தகடு என்றால் அது இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 120 கிராம். ஒரு பக்கத்துக்கு 60 கிராம், தடிமனில் சுமார் 8 மைக்ரான். முக்கி எடுத்த குழாயில் இதுபோல் பல மடங்கு இருக்கும். போதாக்குறைக்கு ஜிபி பைப்பின் வெல்டு தையலில் சூடு பட்டுத் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும். வெளிப்பக்கம் மேல்பூச்சு அடிப்பார்கள், உள்பக்கம் வெறும் இரும்பு. பந்தல், ஷெட் போன்ற காய்ந்த இடத்துக்கு ஜிபி பைப் தாராளமாகப் போடலாம். மண்ணில் ஊன்றும் போஸ்ட்டுக்கு வேண்டாம்.

அசல் ஜிஐ பைப்பில் ஏ, பி, சி என்று மூன்று கிளாஸ். ஐஎஸ் 1239 தரப்படி ஏ கிளாஸுக்கு மஞ்சள் பட்டை, பி கிளாஸுக்கு நீலம், சி கிளாஸுக்குச் சிவப்பு. பட்டையை மட்டும் நம்பாமல் தராசில் வைக்கச் சொல்லுங்கள். 6 மீட்டர் நீளமுள்ள 2 இஞ்ச் பி கிளாஸ் பைப் சுமார் 30 கிலோ இருக்க வேண்டும். 24, 25 கிலோதான் காட்டினால் அது ஏ கிளாஸ். ஒன்றரை இஞ்ச் பி கிளாஸ் சுமார் 21 கிலோ. அதே ஒன்றரை இஞ்ச் அளவில் 2 மில்லிமீட்டர் ஜிபி பைப் 14 கிலோவைத் தாண்டாது. வெர்னியர் கையில் இருந்தால் சுவர்த் தடிமனைப் பாருங்கள்: பி கிளாஸில் ஒன்றரை இஞ்சுக்கு 3.2 மில்லிமீட்டர், 2 இஞ்சுக்கு 3.6.

5 அடி வேலியின் நடுப் போஸ்ட்டுக்கு ஒன்றரை இஞ்ச் பி கிளாஸ் போதும். மூலைக்கும் கேட்டுக்கும் 2 இஞ்ச் பி கிளாஸுக்குக் கீழே இறங்க வேண்டாம்; கேட் பெரியது என்றால் இரண்டரை இஞ்ச்.

இரும்புக் கடைக்காரர்கள் ‘எதுக்குங்க பைப், 40க்கு 40 ஆங்கிள் போடுங்க, பாதி விலையில முடியும்’ என்பார்கள். 40x40x5 ஆங்கிள் மீட்டருக்கு 3 கிலோ, ஒன்றரை இஞ்ச் பைப் மீட்டருக்கு மூன்றரை கிலோ சொச்சம். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வளையாமல் நிற்கும் பலத்தைக் கணக்குப் பார்த்தால் பைப்புக்கு ஆங்கிளைப் போல் இரண்டரை மடங்கு. ஆங்கிள் இழுவையில் முறுகியும் போகும். ஒரு விஷயத்தில் மட்டும் ஆங்கிளுக்கு மதிப்பெண் தரலாம்: அதற்கு உள்பக்கம் என்று ஒன்று இல்லை, அதனால் ஒளிந்திருந்து அரிக்கும் ஆபத்து இல்லை, கெட்டால் கண்ணுக்குத் தெரியும். தோட்டத்து வேலிக்கு ஆங்கிள் சரி. வீட்டு எல்லைக்குப் பைப்தான்.

நீளத்தில் ஏமாறாதீர்கள். 5 அடி வலைக்கு 7 அடி போஸ்ட் வேண்டும்: மேலே 5, கீழே 2. ஆனால் 6 மீட்டர் பைப் என்பது 20 அடிக்குச் சற்றுக் குறைவு. அதில் சேதாரம் இல்லாமல் மூன்று துண்டு போட்டால் ஆறரை அடிதான் வரும். கீழே போவது ஒன்றரை அடி. பழைய வேலியைத் தோண்டிப் பார்க்கும்போது பல இடத்தில் இந்த ஒன்றரை அடிக் கதைதான் வெளியே வரும். இரண்டு துண்டு போட்டு மிஞ்சுகிற 5, 6 அடித் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். மூலைப் போஸ்ட்டுக்குச் சாய்வு முட்டுக் கொடுக்க அதுதான் வேண்டும்.

பழைய கான்கிரீட்டை எடுப்பது

இதில்தான் கூலியும் நேரமும் கரைகிறது. 1 அடிக்கு 1 அடி, 2 அடி ஆழம் என்றால் கட்டியின் எடை சுமார் 135 கிலோ. அதைவிட, நாலு பக்கமும் மண்ணோடு உள்ள பிடிப்புதான் பெரிய தடை. கடப்பாரையால் வெட்டிய கரடுமுரடான குழியில் நேரடியாக ஊற்றிய கான்கிரீட் என்பதால் மண்ணுக்குள் வேர் விட்டது போல் இருக்கும். கரிசலிலும் களியிலும் இந்தப் பிடி ஒரு டன்னைத் தாண்டிவிடும். செம்மண்ணில் பாதி வேலைதான்.

உயரமான பல் தண்டு வைத்த ஃபார்ம் ஜாக்கியும் ஒரு சங்கிலியும் எங்கள் முதல் தேர்வு. இரண்டு டன் தூக்குவது போதும். கார் டிக்கியில் இருக்கும் கத்தரி ஜாக்கியால் இந்த வேலை ஆகாது. ஏற்றமும் போதாது, தாங்கவும் தாங்காது. முதல் நாள் மாலை கட்டியைச் சுற்றி நாலைந்து குடம் தண்ணீர் விட்டு ஊற விடுங்கள். மறுநாள் ஒரு பக்கம் மட்டும் முழு ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்து, மற்ற மூன்று பக்கமும் கடப்பாரையை ஓரமாக இறக்கி நெம்பி இளக்குங்கள். ஜாக்கியின் அடியில் தடித்த பலகை வேண்டும். அது கட்டியின் ஓரத்திலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமாக வைத்தால் ஜாக்கியின் பாரமே மண்ணை நசுக்கிக் கட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முதல் ஓர் அங்குலம் நகர்ந்துவிட்டால் மீதி தானாக வரும்.

சங்கிலியைப் பைப்பில் சுற்றி இழுப்பதுதான் எல்லோரும் செய்வது, அதில்தான் பிசகும். கழுத்து அரித்த பைப் பாதி இழுப்பில் ஒடிந்து, விறைப்பாக இழுக்கப்பட்ட சங்கிலி முகத்தை நோக்கி வரும். கழுத்து போன போஸ்ட் என்றால் சங்கிலியை வெட்டிய பக்கம் வழியாகக் கொண்டுபோய்க் கட்டியின் அடியிலேயே சுற்றுங்கள். அல்லது முக்காலியும் ஒரு டன் செயின் பிளாக்கும் வாடகைக்கு எடுங்கள். மூன்று நாலு போஸ்ட் சேர்ந்தாற்போல் எடுக்க வேண்டியிருந்தால் ஜாக்கியைவிட இது சுகம்.

கட்டியை இருந்த இடத்திலேயே உடைக்க, 10 கிலோ வகுப்பு பிரேக்கரை நாள் வாடகைக்கு எடுக்கலாம். ஹேமர் டிரில்லில் உளி மாட்டி உடைக்கப் பார்ப்பது மெஷினைக் கெடுக்கும் வேலை. அந்த 2, 3 கிலோ மெஷின் துளை போடுவதற்கானது. பிரேக்கர் பிடிப்பவர்கள் அவசரத்தில் நடுவில் பைப்பை ஒட்டி உளியை வைப்பார்கள். நாலு பக்கமும் மண் இறுக்கிப் பிடித்திருக்கும்போது நடுவில் அடித்தால் பொடிதான் உதிரும், பிளக்காது. ஒரு பக்க மண்ணை முழு ஆழத்துக்கு எடுத்துவிட்டு, அந்தத் திறந்த பக்கத்தை நோக்கி ஓரத்திலிருந்து 3 இஞ்ச் உள்ளே வைத்து அடியுங்கள். கம்பி கட்டாத கான்கிரீட் என்பதால் துண்டு துண்டாக விழும். 1500 வாட் பிரேக்கர் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரண சின்ன பிளக்கில் சொருகாமல் 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து எடுங்கள். தோண்டும் முன் தண்ணீர்க் குழாயும் மின் கேபிளும் வேலியோரமாகப் போகிறதா என்று விசாரித்துவிடுங்கள். எல்லையோரம்தான் அவை வழக்கமாகப் போகும் பாதை.

பெட்ரோல் எர்த் ஆகர் பற்றியும் கேட்கிறார்கள். புது வேலி வரிசையில் நாற்பது, ஐம்பது குழி போட அருமையான மெஷின். மாற்று வேலைக்கு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டாம். பழைய கட்டியின் ஓரத்திலோ உடைசல் ஜல்லியிலோ பிட் சிக்கினால் கைப்பிடி பிடித்தவரையே சுழற்றிவிடும். ஒன்றிரண்டு குழிக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும்.

கோர் கட்டிங்: அதிகம் பேசப்படாத நல்ல சேவை

பாத்ரூம் குழாய்க்கும் ஏசிக்கும் சுவரில் வட்டத் துளை போட வருகிற அதே கோர் கட்டிங் ஆட்கள் வேலி போஸ்ட்டுக்கும் உதவுவார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பழைய போஸ்ட்டைக் கான்கிரீட் மட்டத்துக்கு வழித்து அறுத்துவிட்டு, 4 இஞ்ச் வைரப் பிட்டை அதை நடுவில் வைத்து இறக்கினால், பழைய பைப்பும் அதைச் சுற்றிய கான்கிரீட்டும் ஒரு உருளையாகத் தனியே வந்துவிடும். மிச்சமிருக்கும் துளையில் புதுப் பைப்பை நிறுத்தி, சுருங்காத கிரவுட் (இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் கலவை) ஊற்றினால் முடிந்தது. 2 இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 60 மில்லிமீட்டர், துளை சுமார் 102. ஆக, சுற்றிலும் 20 மில்லிமீட்டர் இடம் இருக்கும். கிரவுட் தாராளமாக இறங்க இது அளவான இடைவெளி.

மதில் சுவர் மேலே, மாடிக் கைப்பிடிச் சுவரில், கார் நிறுத்தும் கான்கிரீட் தளத்தின் ஓரத்தில் நிற்கும் போஸ்ட்டுக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. தோண்ட வழியில்லாத இடங்கள் அவை. பிரேக்கர் வைத்தால் சுவரே பிளக்கும்.

இரண்டு எச்சரிக்கை. பழைய போஸ்ட் கான்கிரீட்டுக்குள் சாய்ந்து நின்றால் நேராக இறங்கும் பிட் கீழே போகப் போகப் பைப்பில் உரசிச் சிக்கும். அறுப்பதற்கு முன்பே தூக்குக்குண்டு பிடித்துச் சாய்வைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாவது, பிட்டின் நீளம். ஓர் அடி, ஒன்றேகால் அடிக்கு மேல் ஒரே வீச்சில் போகாது. அதற்குக் கீழே பைப் தொடர்ந்தால் உருளையை ஒடித்து எடுக்க முடியாது, நீட்டிப்பு வேண்டும். கூலி இஞ்ச் கணக்கில் பேசுவார்கள் என்பதால் ஆழத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பைப்புக்குள் பைப்

அடிக் கான்கிரீட் உறுதியாக இருந்து, பழைய பைப்பின் உள்ளே கான்கிரீட் அடைக்காமல் காலியாக இருந்தால், மிகக் குறைந்த செலவில் முடியும் வழி இது. பழையதைக் கான்கிரீட் மட்டத்துக்கு அறுத்து, உள்ளே இருக்கும் துரு, மண் எல்லாவற்றையும் கம்பியால் குத்தி எடுத்துவிட்டுச் சிறிய பைப்பை ஒன்றரை அடி ஆழத்துக்கு இறக்குவது.

எல்லா அளவும் ஒன்றுக்குள் ஒன்று போகாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். 2 இஞ்ச் பி கிளாஸின் உள்விட்டம் சுமார் 53 மில்லிமீட்டர். ஒன்றரை இஞ்சின் வெளிவிட்டம் 48.3. அழகாகப் போகும். பழையது ஒன்றரை இஞ்ச் பி கிளாஸ் என்றால் உள்விட்டம் 41.9, ஒன்றேகால் இஞ்ச் பைப்பின் வெளிவிட்டமோ 42.4. அரை மில்லிமீட்டரில் போகாது. சம்மட்டியால் அடித்து இறக்கப் பார்த்துப் பைப்பையும் கான்கிரீட்டையும் சேர்த்துப் பிளந்த வேலைகள் உண்டு. அங்கே 1 இஞ்ச் பைப்தான் போகும். சுற்றிலும் 4 மில்லிமீட்டர் தளர்ச்சி இருக்கும். இரண்டு நிலையிலும் உள்ளே போகும் பைப்பின் பலம் பழையதில் பாதியை ஒட்டித்தான். ஆகவே நடுப் போஸ்ட்டுக்கு மட்டும். மூலைக்கோ கேட்டுக்கோ கூடாது.

இடைவெளியை நிரப்ப மேலிருந்து ஊற்றினால் குழம்பு பாதியில் நின்றுவிடும். முதலில் பழைய பைப்புக்குள் கெட்டியான சிமெண்ட் பாலைக் கால்வாசி ஊற்றுங்கள்; புதுப் பைப்பின் அடி வாயைச் சாக்குத் துணியால் இறுக்கி அடைத்துவிட்டு மெல்ல இறக்குங்கள். பால் தானே ஓரங்களில் ஏறி மேலே வழியும். வழிந்தால் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம்.

பேஸ் பிளேட்: இடம் பார்த்து

6 இஞ்சுக்கு 6 இஞ்ச், 8 மில்லிமீட்டர் தகட்டில் போஸ்ட்டை வெல்டு வைத்து, நாலு 12 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட்டில் இறுக்குவது. பெரிய கான்கிரீட் தளத்தின் மேல் என்றால் நல்ல முறை. 12 இஞ்ச் சதுரக் கட்டியின் மேல் என்றால் சுமார். 9 இஞ்ச் வட்டக் கட்டியின் மேல் என்றால் வேண்டவே வேண்டாம். விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளித்தான் நிற்கிறது. ஓரம் பக்கத்தில் இருந்தால் இறுக்கும்போதே துண்டு தெறித்துவிடும். சின்னக் கட்டிக்கு, துளையில் பசை நிரப்பி ஒட்டவைக்கும் ரசாயன ஆங்கர்தான் பொருத்தம். ஆனால் துளையில் இருக்கும் தூளை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதிச் சுத்தம் செய்யாவிட்டால் அந்தப் பசை தூளைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டை அல்ல. நம் ஊர் மதிய வெயிலில் பசை சீக்கிரம் இறுகிவிடும். காலையிலேயே வேலையை முடியுங்கள்.

தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் தண்ணீர் நின்றால் புதிதாக ஒரு கழுத்தை நாமே உண்டாக்கிய கதைதான். அடியில் அரை இஞ்ச் கிரவுட் படுக்கை போட்டு, ஓரத்தைச் சாய்வாக வழித்துவிடுங்கள்.

பழைய ஆங்கிள் கட்டையோடு புது ஆங்கிளைத் தரை மட்டத்திலேயே வெல்டு வைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அரை மணியில் முடியும், விலையும் குறைவு. ஆனால் துத்தநாகம் எரிந்த வெல்டு, எங்கே அரிப்பு அதிகமோ அங்கேயே வந்து உட்கார்கிறது. அதை எந்த விலைக்கும் சிபாரிசு செய்ய மாட்டோம்.

கான்கிரீட்

வீடியோக்களில் குழிக்குள் உலர்ந்த பொடியைக் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் போஸ்ட் நிற்பதைப் பார்த்துவிட்டு நம் சாதாரண சிமெண்ட்டில் அதைச் செய்கிறார்கள். அது அதற்கென்றே தயாரித்த, நிமிடங்களில் இறுகும் கலவை. நம் சிமெண்ட், மணல், ஜல்லியைக் காய்ந்தபடி கொட்டித் தண்ணீர் விட்டால் மேலே ஓடு கட்டும், உள்ளே பொடியாகவே இருக்கும்.

1:2:4 கலவை போதும். 1 அடிக்கு 1 அடி, 2 அடி ஆழக் குழிக்கு 12 லிட்டர் வாளியில் சிமெண்ட் 1, எம்-சாண்ட் 2, முக்கால் ஜல்லி 4. சிமெண்ட் சுமார் 18 கிலோ ஆகும். ஒரு மூட்டையில் மூன்று குழிக்குக் கொஞ்சம் குறையும். தண்ணீர் 9 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் ஒரு லிட்டர் குறைத்துத் தொடங்குங்கள். வேலைக்கு இளக்கமாக இருக்கட்டும் என்று வாளி வாளியாக ஊற்றுவதைத் தடுக்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அதிகத் தண்ணீர் காய்ந்து போகும்போது கான்கிரீட் பைப்பை விட்டு விலகி மயிரிழை இடைவெளி விடும். கழுத்துக்குள் தண்ணீர் இறங்கும் வழி அதுதான்.

ஊன்றும் முன் பைப்பின் அடியிலிருந்து 3 இஞ்ச் மேலே ஒரு துளை போட்டு, அரை அடி நீளக் கம்பித் துண்டைக் குறுக்கே செருகுங்கள். போஸ்ட் சுழலாது, உருவியும் வராது. தரை மட்டம் எங்கே வரும் என்று குறித்து, அதற்கு மேலே 6 இஞ்ச், கீழே 6 இஞ்ச் பிற்றுமின் (தார்) பெயிண்ட் இரண்டு கோட் அடித்துக் காய விடுங்கள். குழியின் அடியில் ஜல்லி மட்டும் கொட்டி ‘தண்ணி வடியட்டும்’ என்று விடுவது செம்மண்ணில் சரி. களிமண்ணில் அந்த ஜல்லியே தொட்டியாகித் தண்ணீரைச் சேர்த்து வைக்கும். களியில் அடியிலும் 3 இஞ்ச் கான்கிரீட் போட்ட பிறகே பைப்பை நிறுத்துங்கள்.

பக்கத்து இரண்டு போஸ்ட்களின் முகத்தில் நூல் கட்டி வரிசை பாருங்கள். தலையில் கட்டினால் சாய்ந்த போஸ்ட் ஏமாற்றும். ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு பக்கத்திலும் தூக்குக்குண்டு பார்த்து, இரண்டு சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுங்கள். கான்கிரீட்டை மூன்று தடவையாகப் போட்டு ஒவ்வொரு தடவையும் கம்பியால் குத்துங்கள். கடைசி அடுக்குதான் முக்கியம்: தரை மட்டத்தோடு நிறுத்தாமல் 2 இஞ்ச் உயர்த்தி, பைப்பிலிருந்து நாலா பக்கமும் சரியும்படி கொத்துக்கரண்டியால் கூம்பாக வழித்துவிடுங்கள். மொத்த வேலையிலும் இதைப் போல் ஆயுளைக் கூட்டுவது வேறெதுவும் இல்லை. இதற்குக் காசும் கிடையாது. முட்டுக் கட்டைகளை ஒரு நாள் கழித்து எடுக்கலாம். ஈரச் சாக்குப் போட்டு நனைப்பது ஓபிசி (சாதாரண போர்ட்லண்ட்) சிமெண்ட்டுக்கு 7 நாள், பிபிசிக்கு (சாம்பல் கலந்தது) 10 நாள். இழுகம்பியை முறுக்குவது அதற்குப் பிறகுதான்.

சில்வர் பெயிண்ட் துத்தநாகம் அல்ல

வெல்டு வைத்த இடத்தில் வெள்ளியாகப் பூசிவிட்டு ‘ஜிங்க் அடிச்சாச்சு சார்’ என்பது சகஜம். பெரும்பாலும் அது அலுமினியப் பொடி கலந்த சில்வர் பெயிண்ட். நிறம் ஒத்துப்போகும், துருவைத் தடுக்கும் குணம் துத்தநாகத்துக்கு ஒத்துப்போகாது. ஜிங்க் ரிச் பிரைமர் அல்லது கோல்டு (cold) கால்வனைசிங் ஸ்பிரே என்று எழுதியிருக்க வேண்டும். காய்ந்த படலத்தில் ஜிங்க் 90 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்ல சரக்கு. டின்னைத் தூக்கினாலே தெரியும், கனமாக இருக்கும். வெல்டின் கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, பளிச்சென்ற இரும்பின் மேல்தான் அடிக்க வேண்டும். வெல்டு வைப்பதற்கு முன் அந்த இடத்துத் துத்தநாகத்தைத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். துத்தநாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும். ஜிஐ வேலையில் பழகிய வெல்டர்களுக்கு இது தெரியும்.

தலைக்கு மூடி கட்டாயம். பிளாஸ்டிக் மூடி வெயிலில் சில வருடத்தில் வெடித்துவிடும். தகட்டு மூடியோ, பைப் வாயில் கூம்பாக வைத்த சிமெண்ட்டோ மேல். அதோடு கான்கிரீட் கூம்புக்கு அரை இஞ்ச் மேலே 6 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, உள்ளே அந்த மட்டம் வரை சிமெண்ட் ஊற்றிவிட்டால், எப்படியோ உள்ளே போகும் தண்ணீர் வெளியே வந்துவிடும்.

வேலி காண்ட்ராக்டரிடம் கொடுப்பதானால் ‘போஸ்ட்டுக்கு இவ்வளவு’ என்ற ஒற்றை விலையை ஏற்காதீர்கள். பைப்பின் அளவும் கிளாஸும், போஸ்ட்டின் மொத்த நீளம், குழி அளவு, பழைய கட்டியையும் உடைசலையும் யார் அப்புறப்படுத்துவது ஆகிய நாலையும் எழுதி வாங்குங்கள். கான்கிரீட் ஊற்றும் முன் குழியில் டேப் பிடித்து 2 அடி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அதை மறுக்கிறவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன், ஒரு செம்புத் தண்ணீரைப் பைப்பை ஒட்டிக் கழுத்தில் ஊற்றுங்கள். ஓடி வெளியே போனால் சரி. ஒரு ஸ்பூன் அளவு தேங்கினாலும் அந்தக் குழிவை 1:2 சிமெண்ட் மணல் கலவையால் சரிசெய்து, காய்ந்ததும் பைப்பும் கான்கிரீட்டும் சேரும் கோட்டில் பாலியூரித்தேன் சீலன்ட் ஒரு சுற்று ஓட்டித் தரச் சொல்லுங்கள்.